புரோட்டான் நிறை: கணக்கு எங்கே உதைக்குது?

இந்த வாரக் கேள்வி ஒண்ணு மனசுக்கு ரொம்ப நிறைவா இருந்துச்சு. நேயர் கேட்கிறார்: "புரோட்டானுக்குள்ளே ரெண்டு அப் குவார்க், ஒரு டவுன் குவார்க்னு சொன்னீங்க. அட்டவணையிலே அப் 2.2 எம்.இ.வி., டவுன் 4.7 எம்.இ.வி. கூட்டினா 9 சொச்சம்தான் வருது. ஆனா புரோட்டான் 938. மீதி எங்கே?" (குவார்க்னா புரோட்டான், நியூட்ரானுக்குள்ளே இருக்கிற அடிப்படைத் துகள்; எம்.இ.வி.ங்கிறது துகளோட நிறையை ஆற்றல் கணக்குல சொல்ற அலகு.)

கூட்டிப் பார்த்தீங்க பாருங்க, அது ரொம்ப நல்ல பழக்கம். கூட்டல் சரிதான். குவார்க்குகளோட சொந்த நிறை நூத்துல ஒரு பங்குதான். மீதி அத்தனையும் ஆற்றல். குவார்க்குகள் உள்ளே ஒளிவேகத்தை ஒட்டி ஓடிக்கிட்டே இருக்கு. அதுகளைக் கட்டிவெக்கிற குளுவானுக்கு நிறையே கிடையாது, ஆனா ஆற்றல் உண்டு. அடைபட்ட ஆற்றலை வெளியிலிருந்து அளந்தா நிறைன்னுதான் காட்டும். ஐன்ஸ்டைன் 1905ல சொன்னது இதுதான், நானும் திரும்பத் திரும்பச் சொல்றது இதுதான்.

சில புத்தகத்துல ஒவ்வொரு குவார்க்குக்கும் 330 எம்.இ.வி.க்கு மேலே போட்டிருக்கும். அது குளுவான் ஆற்றலையும் சேர்த்துப் பங்கு போட்ட எண். அதையும் 2.2ஐயும் ஒரே கணக்குல கலந்துடாதீங்க.

"எல்லா நிறையும் ஹிக்ஸ் தருது"ன்னு சொல்றதும் இங்கேதான் அடிபடுது. ஹிக்ஸ்னா குவார்க் மாதிரி அடிப்படைத் துகள்களுக்குச் சொந்த நிறையைத் தர்ற புலம். 60 கிலோ எடையுள்ள ஆள்ல ஹிக்ஸ் கணக்கு ஒரு கிலோகூடத் தேறாது. 2008ல காலவெளியைச் சின்னச் சின்னக் கட்டமா வெட்டி, சூப்பர் கம்ப்யூட்டர்ல போட்டுக் கணக்குப் பார்த்தாங்க. புரோட்டான் நிறை சில சதவீத வித்தியாசத்துல சரியா வந்துச்சு.

சரி, அடுத்து இதையும் கேட்டிருக்கணும்: அந்த ஒரு பங்கை விட்டுடலாமா? கூடவே கூடாது! டவுன், அப்பைவிட சுமார் 2.5 எம்.இ.வி. கனம். நியூட்ரானுக்குள்ளே ரெண்டு டவுன், ஒரு அப், அதனால அது கனம். புரோட்டானுக்கு மின்னூட்டம் இருக்கறதால அதோட நிறை கொஞ்சம் கூடும். அதைக் கழிச்சும் நியூட்ரான் 1.3 எம்.இ.வி. கனமா நிக்குது. நியூட்ரான் புரோட்டானா மாறும்போது வெளிவர்ற எலக்ட்ரானுக்கு 0.511 எம்.இ.வி. போதும். அதனால தனியா விட்ட நியூட்ரான் சராசரியா 15 நிமிஷத்துக்குள்ளே புரோட்டானா சிதையுது. இதுவே புரோட்டான் கனமா இருந்திருந்தா, ஹைட்ரஜனே நிலைச்சிருக்காது, தண்ணியும் கிடையாது. அணுக்கருவுக்குள்ளே இருக்கிற நியூட்ரான் ஏன் பிழைச்சுக்குதுன்னு, பிணைப்பாற்றல் (கருவைக் கட்டிவெக்கிற ஆற்றல்) பத்தின என் முந்தைய வீடியோவிலேயே பார்த்தாச்சு.