ஒன்பதாவது தலை

(சிறுமலர் திருவிழாவை ஒட்டி எங்கள் பங்கில் நடந்த அன்னையர் கூட்டத்தில் பேசியது. எழுதித் தரும்படி பலர் கேட்டதால், பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

மரியாதைக்குரிய பங்குத்தந்தை அவர்களே, உதவிப் பங்குத்தந்தை அவர்களே, காலையிலிருந்து இந்த மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி நாற்காலி போட்டுவிட்டு இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அருள்சகோதரிகளே, பங்குப் பேரவைத் துணைத்தலைவர் ஐயா அவர்களே, இந்த மழையிலும் வந்திருக்கும் சுகாதார நிலையச் செவிலியர் அம்மா அவர்களே, அன்பியப் பொறுப்பாளர்களே, மரியாயின் சேனைத் தாய்மாரே, பாடகர் குழுப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய துணைத்தலைவர் ஐயா, நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த வருடம் என் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் இருந்தவர். இன்று அவர் கையால் பொன்னாடை வாங்குகிறேன். முட்டுவலியோடு இந்தப் படிகளை ஏறி வந்திருக்கும் முன்னாள் பங்குத்தந்தை அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என் அம்மைக்குச் சாகும் நேரத்தில் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தவர் அவர்தான்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். தாயின் செபம், தாயின் உழைப்பு, தாயின் உடம்பு. மூன்றுக்கும் நேரம் கிடைக்கிறதா பார்ப்போம்.

புனிதர் சிறுமலர் தெரசம்மாளை இங்கே எல்லோருக்கும் தெரியும். கையில் ரோஜாவும் பாடுபட்ட சுரூபமுமாக அந்தப் படம் இல்லாத வீடு நம் பங்கில் குறைவு. அவருடைய தாயார் யார்? போன ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நாம் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் பெயர் செலி மார்ட்டின். பிரான்சில் அலோன்சோன் என்ற ஊர். 1831இல் அதற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். கன்னியர் மடத்தில் சேர ஆசைப்பட்டுக் கேட்டார், மடத்துத் தலைவி சேர்த்துக்கொள்ளவில்லை. சரி, கைத்தொழிலாவது படிப்போம் என்று ரேந்தை, அதாவது லேஸ், பின்னப் படித்தார். அலோன்சோன் ரேந்தை சாதாரண ரேந்தை இல்லை. முழுக்க ஊசியால் செய்வது. ஒரு சதுர சென்டிமீட்டர் முடிக்க ஏழு மணி நேரம் பிடிக்கும். 2010இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இருபது வயதைத் தாண்டியதுமே செலி சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார். வியாழக்கிழமை தோறும் பெண்கள் தங்கள் வீட்டில் பின்னிய துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். துண்டுகளை இணைப்பு தெரியாமல் ஒன்றாகச் சேர்ப்பது அவருடைய வேலை.

1858 ஜூலை 13ஆம் தேதி நள்ளிரவில் கடிகாரம் செய்யும் லூயி மார்ட்டினோடு திருமணம். பிள்ளைகள் ஒன்பது. 1867இலிருந்து 1870க்குள் நான்கைப் பறிகொடுத்தார். இரண்டு ஆண், இரண்டு பெண். மிஞ்சிய ஐந்து பெண்களும் கன்னியர் ஆனார்கள். கடைக்குட்டிதான் தெரசம்மாள். 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தாயையும் தகப்பனையும் ஒரே நாளில் புனிதர் என்று அறிவித்தார். கணவன் மனைவி சேர்ந்து ஒன்றாகப் புனிதர் பட்டம் பெற்றது அதுதான் முதல் தடவை.

ரேந்தை என்றதும் இந்தப் பக்கத்துத் தாய்மார் முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. நம் மாவட்டத்துக்கும் அது பழைய சொந்தம். நாகர்கோவிலில் 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை கற்றுக்கொடுத்தார். முளகுமூட்டுக்கு 1897இல் பெல்ஜியத்திலிருந்து அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டர் வந்து இறங்கினார். அங்கே உள்ள கன்னியர் மடத்தில் பின்னப் படித்தவர்தான் என் அம்மை. உருளைத் தலையணையை மடியில் வைத்து, குண்டூசி குத்தி, மரக்குச்சிகளை அப்படியும் இப்படியும் மாற்றிப் போடுவார். கண் ரேந்தையில் இருக்கும், வாய் எங்களை அதட்டிக்கொண்டிருக்கும். நூலில் சின்னச் சிக்கு விழுந்தால் உடனே நிறுத்தி நகத்தால் எடுத்துவிடுவார். எடுக்கும்போதெல்லாம் சொல்வார்: "நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டாதே." பிள்ளை பொய் சொன்னாலும் இதே பழமொழிதான். கடையில் கடன் ஏறினாலும் இதே பழமொழிதான். இன்றைக்கு நீங்களும் இதை என் வாயால் பலமுறை கேட்பீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செபத்துக்கு வருகிறேன். நாங்கள் எட்டுப் பிள்ளைகள். நான் ஆறாவது. அப்போது எங்கள் வீட்டில் கரண்டு கிடையாது. சாயங்காலம் செபமாலை சொல்லத் தொடங்கும்போது மண்ணெண்ணெய் விளக்கையும் அணைத்துவிடுவார், எண்ணெய் மிச்சமாகட்டும் என்று. மாதா படத்துக்கு முன்னால் ஒரு சின்னத் திரி மட்டும் எரியும். யாராவது பின்வாசல் வழியாக நழுவிவிடக் கூடாதே, அதற்கு அம்மை ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொரு "அருள் நிறைந்த மரியே"க்கும் ஒரு தலையைத் தொடுவார். செபமாலையின் எட்டு மணிக்கு எட்டுத் தலை, ஒன்பதாவது மணிக்கு அப்பாவின் தோள், பத்தாவதுக்குத் தன் நெஞ்சு. பத்து மணி முடிந்தது, குடும்பமும் சரியாக இருக்கிறது.

ஒரு நாள் ராத்திரி, நல்ல மழை, எட்டாவது தலைக்குப் பிறகு கை இன்னொரு தலையில் போய் விழுந்தது. நனைந்த தலை. அம்மை செபத்தை நிறுத்தவில்லை. அந்தத் தலையைத் தடவிப் பார்த்தார். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சொல்லி முடித்தார். அடுத்த பத்து மணியிலும் ஒன்பது தலை. அப்பாவுக்கு மணி ஒன்று தள்ளிப் போய்விட்டது, அவர் தோளை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்! ஐந்து பத்து மணியும், மாதா பிரார்த்தனையும் முடிந்து விளக்கை ஏற்றினால், பக்கத்து வீட்டுப் பையன். ஐந்து வயது இருக்கும். அவன் அப்பா குடித்துவிட்டு வந்து கதவைச் சாத்தியிருக்கிறார். சாத்தாத கதவு எங்கள் வீட்டுக் கதவு.

அம்மை ஒன்றும் கேட்கவில்லை. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் எட்டுத் தட்டில் இருந்ததை ஒன்பது தட்டாகப் பிரித்தார். எங்கள் மூத்த அண்ணன் முனகினான். "உன் தட்டில் குறைந்தது ஒரு துண்டு கிழங்கு. அவன் தட்டில் கூடினது ஒரு ராத்திரி" என்றார். மறுநாளும் அவன் வந்தான். அதற்கு மறுநாளும். அப்பாவின் மணி நிரந்தரமாகப் பத்தாவது ஆகிவிட்டது. தன் நெஞ்சுக்கு வைத்திருந்த மணியை அம்மை விட்டுக்கொடுத்துவிட்டார். அந்தப் பையன் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார், ஜன்னலோரம் நீலச் சட்டை. எழுந்திருங்கள் தம்பி. கைதட்டுங்கள் அவருக்கு. அம்மையின் பெட்டியைத் தோளில் சுமந்த ஆறு பேரில் அவரும் ஒருவர்.

இத்தனை தலையைத் தொட்டு எண்ணிய கைக்குத் தன் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அதை அந்தக் கை யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது 32 வயது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து, அம்மையின் துணிகளைத் துவைக்கப் போட்டேன். ஒரு சட்டையின் உள்பக்கம் கனமாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பழைய ரேந்தைத் துண்டு ஒன்றை நாலாக மடித்து, அதற்குள் பஞ்சு வைத்து, இடது மார்பு வரும் இடத்தில் தைத்திருந்தார். வெளியே ஒரு தையல்கூடத் தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தியான தையல். பஞ்சில் கறை.

"எவ்வளவு நாளாக அம்மை?" என்றேன்.

"ரெண்டு வருசம் இருக்கும். தங்கச்சி கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன் மக்களே. வலி ஒண்ணுமில்ல."

திருவனந்தபுரம் கொண்டு போனோம். அக்குளுக்கும் எலும்புக்கும் பரவியிருந்தது. எட்டு மாதம் இருந்தார். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டாதே என்று எங்களுக்கெல்லாம் சொன்ன தாய், கோடாலியும் உதவாத நேரத்தில்தான் வாய் திறந்தார்.

செலி அம்மாவின் கதையும் இதுதான். அவர் எழுதிய கடிதங்கள் இருநூறுக்கு மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1865இல் தம்பிக்கு எழுதிய கடிதத்திலேயே மார்புக் கட்டியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். 1873இல் தெரசம்மாள் பிறந்தபோது பால் கொடுக்க முடியவில்லை. குழந்தை செமல்லே கிராமத்தில் ரோஸ் தையே என்ற பெண்ணிடம் ஒரு வருடத்துக்கு மேல் வளர்ந்தது. 1876 கடைசியில் மருத்துவரிடம் போனபோது காலம் கடந்திருந்தது. மறு வருடம் ஜூன் மாதம் மூத்த பெண்கள் மூன்று பேரோடு லூர்து மாதா திருத்தலத்துக்குப் போனார். ஊற்றுத் தண்ணீரில் இறங்கினார். குணம் கிடைக்கவில்லை. 1877 ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். வயது 45. தெரசம்மாளுக்கு நாலரை வயது.

ஆனால் தாய்மாரே, செலி அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 1865இல் கட்டியை வெட்டினால் புண் சீழ் பிடித்தே பலர் போய்விடுவார்கள். லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் கிருமி நீக்கும் முறையை எழுதியதே 1867இல்தான். எக்ஸ்ரே வந்தது 1895இல். அவருக்கு வழி இல்லை. உங்களுக்கு வழி இருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை உண்டு, காசு கிடையாது. பெண் செவிலியர்தான் பார்ப்பார். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தன் தங்கை புற்றுநோயில் துடித்ததைக் கண்ணால் கண்டு, விடாமல் போராடி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மருத்துவம் நம் வாசல்வரை வந்து நிற்கிறது. நாம்தான் சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைக்கிறோம்.

வலி இல்லையே என்று சொல்லாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. கட்டி, அக்குளில் வீக்கம், தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாவது, காம்பு உள்ளே இழுப்பது, கசிவு, இதில் எது கண்டாலும் அன்றைக்கே போக வேண்டும். எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. அதைச் செவிலியர் சொல்லட்டும், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வெட்கமாக இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகளைக் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, அவளுக்கும் 30 ஆகியிருக்கும். ஆண்களே, "அதெல்லாம் பொம்பளைங்க விஷயம்" என்று திண்ணைக்குப் போய்விடாதீர்கள். மாட்டுக்கு மடி வீங்கினால் ராத்திரியோடு ராத்திரியாக டாக்டரைக் கூட்டி வருகிறீர்கள். நகத்தால் கிள்ளும் நேரம் இது.

தாயின் உழைப்பைப் பற்றிப் பேச நேரம் இல்லை. பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை வேறொரு நாள் பேசுகிறேன்.

பங்குத்தந்தையிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், மனமுவந்து ஒத்துக்கொண்டார், அவருக்குக் கோடி நன்றி. இந்த அக்டோபர் செபமாலை மாதம். உலகம் முழுவதும் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமும் இதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலைத் திருப்பலி முடிந்ததும் கெபிக்கு முன்னால் ஒரு வேன் நிற்கும். சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு மத்தியானக் கஞ்சிக்குத் திரும்பிவிடலாம். வேன் ஜன்னலோரம் நிற்கிற தம்பியுடையது, வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்தச் சனிக்கிழமைக்குப் பன்னிரண்டு இடம் இருக்கிறது. என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். பேரேடு செவிலியர் அம்மாவிடம் இருக்கிறது. ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் முன் தம்பி எல்லோர் தலையையும் எண்ணிக்கொள்வார்.