நெல் தாளைக் கொளுத்தாதீர், ஆட்டுக்கிடைக்கு இடம் விடுங்கள்

பெருமதிப்புக்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அறுப்பு நேரத்திலும் வருகை தந்து சிறப்பித்திருக்கும் வேளாண்மை உதவி இயக்குநர் அவர்களே, கூட்டுறவுச் சங்கத் தலைவர் அவர்களே, பந்தல் போட இடம் தந்த கோயில் தர்மகர்த்தா ஐயா அவர்களே, தாய்மார்களே, காவிரிக் கடைமடை உழவர் பெருமக்களே, வணக்கம்.

எருச் செய்வதை இனத்தான் செய்யான் என்பார்கள் நம் பெரியவர்கள்; எரு செய்யும் உதவியைச் சொந்தக்காரன்கூடச் செய்யமாட்டான் என்று பொருள். அதையொட்டி மண் பரிசோதனை, வைக்கோல், வயலில் இரவில் ஆடுகளை அடைத்து எருவிடச் செய்யும் கிடை என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

மண் பரிசோதனை செய்து தரும் மண்வள அட்டையில் கரிமக் கார்பன் என்று ஒரு வரி இருக்கும். அது 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் மண் மெலிந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட மண்ணில் மூட்டை மூட்டையாக யூரியா போட்டும் தங்குவதில்லை. நாமோ அறுவடை இயந்திரம் கரையேறிய கையோடு, வயலில் நிற்கும் தாளுக்கும் வைக்கோலுக்கும் தீ வைக்கிறோம். பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. எரித்தால் கார்பனும் தழைச்சத்தும் புகையாகப் போகின்றன. நடவுச் சேற்றில் மிதித்தாலோ மீத்தேன் கிளம்பும். கோடை உழவிலேயே மடக்கிவிட வேண்டும்.

போன மாசியில் எங்கள் ஊரில் நடந்ததைக் கேளுங்கள். ராமநாதபுரத்துக் கீதாரி ஒருவர், ஊர் ஊராக ஆடு ஓட்டிக் கிடை போடுபவர், மந்தையோடு வந்தார். வழக்கமாகக் கிடை போடும் வயலில் முதல்நாள்தான் தீ வைத்திருந்தார்கள். வரப்பில் குந்தி, கரித்தாளை விரலால் கிளறிப் பார்த்தார். "மேஞ்சாத்தானேய்யா புழுக்கை போடும்" என்றார். வயல்காரர் விடவில்லை. "கிடைக்கூலி சேர்த்துத் தர்றேன், ராத்திரிக்கு அடைச்சிட்டுப் போங்க" என்று கெஞ்சினார். "கூலி எனக்குச் சரி, ஆட்டுக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டுவிட்டு, வலையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் போய்விட்டார்! அங்கே காலையில் போய்ப் பார்த்தால் தரை தெரியாமல் புழுக்கை, மூக்கைத் துளைக்கும் மூத்திர வாடை. குறுவையில் அந்த வயலுக்கு அடியுரமே வாங்கவில்லை. பயிர் கருகருவென்று நின்றது. ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம். எருச் செய்வதை இனத்தான் செய்யான் என்பதை ஊரே கண்ணால் பார்த்தது.

பசுந்தாள் உரமாக மடக்கி உழும் தக்கைப்பூண்டைப் பற்றி உதவி இயக்குநர் ஐயா விரிவாகப் பேசுவார்கள். என் கோரிக்கை கிடையைப் பற்றியது. வருகிற கீதாரிகளுக்குக் குளத்தில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட அனுமதி வேண்டும். இரவில் ஆடு களவு போகாமல் ஊர்க்காவல் வேண்டும். கிடை வந்து போகும்வரை தாளில் தீ வைக்கக் கூடாது. ஜனவரி 26 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரத் தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வந்திருக்கும் அத்தனை பேரும் அன்று நேரில் வந்து கைதூக்க வேண்டும். நன்றி, வணக்கம்.