பழைய கேமிங் கணினி: சில பாகங்களை மாற்றினால் போதுமா, பிளாட்ஃபார்மையே மாற்ற வேண்டுமா?

வணக்கம். இன்றைய சந்தேகங்களில் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி அனுப்பிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் இருப்பது 2018-இல் சேர்த்துக் கட்டிய கணினி: ரைசன் 5 2600 செயலி, பி450 மதர்போர்டு, இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளாக 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் பவர் சப்ளை. திரை 1080பி, 144 ஹெர்ட்ஸ். வேலரண்ட் ஆடுகிறார், புதிதாக வரும் பெரிய விளையாட்டுகளையும் ஆட விரும்புகிறார். கையில் 2,000 ரிங்கிட் இருக்கிறது. கடையில் விசாரித்தபோது, "இது பழையதாகிவிட்டது, விண்டோஸ் 11 ஏறாது, மொத்தமாக மாற்றிவிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் கணினியைப் பொறுத்தவரை இப்போது பிளாட்ஃபார்மை மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். பிளாட்ஃபார்ம் என்று நான் சொல்வது மதர்போர்டு, செயலி, ரேம் ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுதியை. இந்த மூன்றில் ஒன்றைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் மற்றவற்றையும் கூடவே மாற்ற வேண்டிவரும். செலவு சட்டென்று பெருகுவது அதனால்தான். கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேஸ், திரை ஆகியவை அப்படியல்ல. இன்றைக்கு வாங்கி வைத்தால், இரண்டு வருடம் கழித்து நீங்கள் வேறு மதர்போர்டுக்குப் போகும்போது அவையும் உங்களோடு வரும். ஆகவே, கையில் இருக்கும் பணத்தில் எவ்வளவு அடுத்த கணினிக்கும் பயன்படும், எவ்வளவு இந்தக் கணினியோடு நின்றுவிடும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய மதர்போர்டில் போடும் செயலிக்குக் கொடுப்பது நின்றுவிடும் பணம். அந்தத் தொகை சிறியதாகவும், அதனால் கிடைக்கும் முன்னேற்றம் பெரியதாகவும் இருந்தால் மட்டுமே அதைக் கொடுக்கலாம். உங்கள் மதர்போர்டில் இரண்டுமே பொருந்துகின்றன.

ஆனால் ஒரு ரிங்கிட் செலவழிப்பதற்கு முன்பே, எந்தப் பாகம் உங்களைத் தடுக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளும் அதோடு வரும் ரிவாடியூனரும் இதற்குப் போதும். விளையாடும்போதே திரையின் மூலையில், கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்பதை அவை காட்டும். ஃபிரேம் வரம்பையும், ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்கையும் முதலில் அணைத்துவிடுங்கள். கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் தடுப்பது கார்டு. அது 60, 70 என்று ஏறி இறங்கி, ஆட்டமும் விட்டுவிட்டுத் திக்கினால், தடுப்பது பெரும்பாலும் செயலி. செயலியின் மொத்தப் பயன்பாடு 50 விழுக்காடுதானே காட்டுகிறது என்று பலர் இங்கே குழம்பிவிடுகிறார்கள். கோர் என்பது செயலிக்குள் தனியாக வேலை செய்யும் அலகு. ஆறு கோர்களில் ஒன்றோ இரண்டோ முழு வேகத்தில் திணறிக்கொண்டிருக்க, மற்றவை கொஞ்சமாகவே வேலை செய்தாலும் சராசரி அப்படிக் குறைவாகத்தான் வரும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், ஆட்டத்தில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ரெசொலூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் பழி கார்டின் மேல். ஏறாமல் அதே இடத்தில் நின்றால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டை வாங்கிப் போட்டாலும் அந்த விளையாட்டு அதற்கு மேல் ஓடாது.

இதே நேரத்தில் செயலியின் வெப்பநிலையையும் பாருங்கள். ஏழு, எட்டு வருடமாகப் பிரித்துத் துடைக்காத கூலரில் தூசி அடைத்து, செயலிக்கும் கூலருக்கும் நடுவில் வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட்டும் காய்ந்துபோயிருக்கும். ஏர்கான் இல்லாத அறையில் நம் ஊர்ப் புழுக்கத்தில் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்து கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 3200 வேகத்துக்கு வாங்கிய ரேம் ஆண்டுக்கணக்காக 2133-இல் ஓடிக்கொண்டிருப்பது மிகச் சாதாரணமாகக் காணக்கூடிய ஒன்று. ரைசனில் அதன் இழப்பு நன்றாகவே தெரியும்.

இப்போது உங்கள் மதர்போர்டுக்கு வருகிறேன். அதில் செயலி உட்காரும் இடத்துக்கு ஏஎம்4 சாக்கெட் என்று பெயர். ஏஎம்4 சாக்கெட்டைப் போல நீண்ட காலம் உழைத்த சாக்கெட் அண்மைக் காலத்தில் வேறு இல்லை என்றே சொல்லலாம். 2017-இல் முதல் ரைசன் வந்தது. அதே சாக்கெட்டில் 5000 வரிசை வரைக்கும் வந்துவிட்டது. இதில் பி450 வைத்திருப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. 2020 மே மாதத்தில் ஏஎம்டி நிறுவனம், அடுத்து வரும் ஜென் 3 (ரைசன் 5000 வரிசை) செயலிகள் 400 வரிசை போர்டுகளில் இயங்காது என்று அறிவித்தது. பயனர்களின் எதிர்ப்பு பலமாக எழுந்ததும் அதே மாதத்தில் அந்த முடிவை மாற்றிக்கொண்டது. அன்று கேள்வி கேட்டவர்களால்தான் இன்று உங்கள் போர்டில் ரைசன் 5 5600 ஏறுகிறது. உங்கள் 2600-இல், செயலிக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகமான எல்3 கேஷ் 16 எம்பி இருந்தாலும் அது எட்டு எட்டாக இரண்டு பிரிவாக இருக்கிறது. 5600-இல் 32 எம்பி கேஷ் ஒரே தொகுதியாக ஆறு கோர்களுக்கும் பொதுவாக இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தரவுக்காக ஒவ்வொரு முறையும் ரேம் வரை போய்வர வேண்டிய தேவை குறைவதால், விளையாட்டுகளில் அந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். இரண்டும் 65 வாட் செயலிகள்தான், ஆகவே கூலரையும் மாற்ற வேண்டியதில்லை.

விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று 5500-ஐ மட்டும் வாங்கிவிடாதீர்கள். பெயர் பக்கத்துப் பெயராக இருந்தாலும் அதில் 16 எம்பி கேஷ்தான். நான் சொன்ன முன்னேற்றத்தின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். 96 எம்பி கேஷ் கொண்ட 5800எக்ஸ்3டி அருமையான செயலி, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டதால் பழையதற்கே பெரிய விலை சொல்கிறார்கள். இந்தக் கணினியோடு நின்றுவிடும் பணத்தில் அவ்வளவு போடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

செயலியை மாற்றும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்; பழைய செயலி உள்ளே இருக்கும்போதே அதைச் செய்துவிடுங்கள். மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்தின் பக்கத்தில், உங்கள் போர்டின் சரியான பெயருக்கு நேராக, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து 5600 ஏற்கப்படுகிறது என்று பட்டியல் இருக்கும். மாலையில் இடி மழை பிடித்துக்கொள்ளும் நேரத்தில் அந்த வேலையைத் தொடங்காதீர்கள், நடுவில் மின்சாரம் போனால் போர்டே எழுந்திருக்காமல் போகலாம். அடுத்தது கூலரைக் கழற்றும் இடம். ஏஎம்4 செயலிகளில் 1,331 ஊசிக்கால்களும் செயலியின் அடியிலேயே இருக்கின்றன. சாக்கெட் அவற்றை லேசாகத்தான் பிடித்திருக்கும். காய்ந்த பேஸ்ட் பசையாக ஒட்டியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருந்தும் செயலி கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளைந்துவிடும். ஆகவே பத்து நிமிடம் ஒரு விளையாட்டை ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பின், கொக்கிகளைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். பிடி விட்டது கையில் தெரிந்த பிறகு தூக்குங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை, 1060-க்கு ஓய்வு கொடுக்கும் காலம் உண்மையிலேயே வந்துவிட்டது. 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறை அது. அந்தத் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். பணத்தில் பெரும்பங்கை இங்கே போடுங்கள். தேர்ந்தெடுக்கும்போது உங்கள் போர்டின் ஒரு குறையை மனத்தில் வையுங்கள்: கார்டையும் போர்டையும் இணைக்கும் வழி பி450-இல் பழைய பிசிஐஇ 3.0. இன்றைய நடுத்தர விலைக் கார்டுகளில் பல அந்த வழியில் தரவு போகும் பதினாறு பாதைகளில் (லேன்களில்) எட்டை மட்டுமே பயன்படுத்துகின்றன. ஆர்டிஎக்ஸ் 4060, 5060 இரண்டும் அப்படித்தான். புதிய போர்டில் அது பெரிதாகத் தெரியாது. உங்கள் போர்டில் போகும் பாதை குறுகிவிடும். கார்டிலுள்ள 8 ஜிபி நிரம்பி, மீதியைக் கணினியின் ரேமிலிருந்து எடுக்க வேண்டி வரும் தருணத்தில் ஆட்டம் தடுமாறும். எனவே பதினாறு லேன் கொண்டதாகவும், 8 ஜிபிக்கு மேல் நினைவகம் உடையதாகவும் பாருங்கள். பணம் எட்டினால் 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. எட்டாவிட்டால், 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 அல்லது ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி, பழையதாக இருந்தாலும் கடை உத்தரவாதத்தோடு. கோலாலம்பூரின் லோயாட் பிளாசாவுக்குத்தான் வர வேண்டும் என்றில்லை, ஆனால் மூன்று கடை விலையாவது விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் பவர் சப்ளை தரமான நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்து, அதன் உத்தரவாதக் காலமும் முடியாமல் இருந்தால், 550 வாட் 9060 எக்ஸ்டிக்கும் 3060-க்கும் போதும்; 6700 எக்ஸ்டிக்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 650 வாட். கேஸோடு இலவசமாக வந்த பவர் சப்ளையாக இருந்தால், கார்டின் விலையில் ஒரு படி இறங்கியாவது முதலில் அதை மாற்றிவிடுங்கள். அதுவும் அடுத்த கணினிக்குக் கூட வரும் பொருள்தான்.

விண்டோஸ் 11 ஏறாது என்று கடையில் சொன்னது உங்கள் செயலிக்குப் பொருந்தாது. ரைசன் 5 2600 மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்கிறது, 5600-உம் இருக்கிறது. தடையாக இருப்பது பெரும்பாலும் அமைப்புகள்தான்: பயாஸில் எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி (டிபிஎம்) அணைந்திருக்கும், சிஎஸ்எம் என்ற பழைய தொடக்க முறை இயக்கத்தில் இருக்கும், வட்டு எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கும். கோப்புகளைப் பத்திரமாக வேறு இடத்தில் படி எடுத்துக்கொண்டு, விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் வட்டை மாற்றி, பிறகு பயாஸில் சிஎஸ்எம்மை அணைத்து, எஃப்டிபிஎம்மையும், கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டையும் இயக்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வேலரண்டும் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கிறது. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடைக்காரர் சொன்ன அதே ஆலோசனை வேறு ஒருவருக்குச் சரியாக இருக்கும். செந்தூலிலிருந்து ஓர் அக்கா, மகனுடைய கணினியில் ஐ5-7500 இருக்கிறது, ஐ7-7700 பழையது ஒன்று வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் அக்கா. ஐ5-7500-இல் நான்கு கோர், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). அந்தப் போர்டின் உச்சமே நான்கு கோர், எட்டு திரெட் கொண்ட 7700கே-தான். எட்டாம் தலைமுறைச் செயலியும் பார்வைக்கு அதே 1151 சாக்கெட்டில் உட்காருவதுபோல் தெரியும், ஆனால் அந்தப் போர்டில் இயங்காது. ஐ7-7700 விண்டோஸ் 11-க்கான பட்டியலிலும் இல்லை. அங்கே போடும் ஒவ்வொரு ரிங்கிட்டும் அங்கேயே நின்றுவிடும் பணம். நீங்கள் பிளாட்ஃபார்மைத்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் எதற்கு மாற்றுவது என்பதில் இப்போது கவனம் தேவை. ஏஎம்5 சாக்கெட்டும் இன்டெலின் புதிய 1851 சாக்கெட்டும் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு நினைவகச் சிப்புகள் போய்க்கொண்டிருக்கின்றன, மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் குரூஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக அறிவித்தது. பணம் தாராளமாக இருந்தால் ஏஎம்5-க்குப் போகலாம், ஏனென்றால் அந்தச் சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது; பின்னாளில் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கும். பணம் அளவாக இருந்தால், இன்டெல் 1700 சாக்கெட்டில் டிடிஆர்4 ஏற்கும் பி660 அல்லது பி760 போர்டும், ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கொண்ட ஐ5-12400எஃப் செயலியும் வாங்கி, மகனுடைய பழைய டிடிஆர்4 ரேமை அதில் போட்டுக்கொள்ளலாம். ரேமுக்குத் தனியாகப் பணம் போகாது. பழைய 13700கே, 14700கே போன்றவை மலிவாகக் கிடைத்தாலும் தவிருங்கள்; அந்தத் தலைமுறைகளில் அதிக மின்னழுத்தத்தால் செயலி நாளடைவில் நிலைகுலையும் சிக்கல் இருந்ததை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது, முன்பு எப்படி ஓட்டப்பட்ட செயலி என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

பி660, பி760 போர்டுகள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு வகையிலும் வருகின்றன. பெயர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எனவே பணம் கட்டுவதற்கு முன் பெட்டியின் மேல் டிடிஆர்4 என்றோ டி4 என்றோ எழுதியிருப்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா. டிடிஆர்5 போர்டில் ரேம் உட்காரும் இடத்தின் வெட்டு சற்றுத் தள்ளி இருக்கும், உங்களிடம் உள்ள ரேம் அதில் இறங்காது.