வேலை போனால் வேலைதான் போக வேண்டும்

(குன்னூரில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களே, வணக்கம்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிலையான வேலையின் அருமை தெரியவில்லை” என்ற வருத்தத்தை, கோத்தகிரி முதல் பந்தலூர் வரை நான் ஆசிரியராக இருந்த ஊர்களிலெல்லாம் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தை மதிக்கிறேன். ஆனால் அதனோடு உடன்பட முடியவில்லை. நிலையான வேலைக்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதை நம் பிள்ளைகள் நம்மைவிடக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

1964இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இந்திய வம்சாவளியினரான இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. அவ்வாறு வந்தவர்களுக்கு வாழ்வளிக்க 1968இல் அரசு இந்த நீலகிரி மலையில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. 1976இல் அதுவே டான்டீ எனும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. மண்டபம் முகாமில் இறங்கி, கையில் ஒன்றுமின்றி மலையேறியவர்களுக்குத் தோட்டத்தில் பெயர் பதிந்ததும், தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிய லைன் வீடு கிடைத்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்த மருத்துவமும் பிள்ளைக் காப்பகமும் அதனோடு வந்தன. அன்று அது பெரும் புகல். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால், அரசுத் தோட்டமானாலும் தனியார் தோட்டமானாலும், வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஓய்வு பெற்றவர் வீட்டை ஒப்படைக்க வேண்டும். குடும்பம் அங்கேயே இருக்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் முதலிடம் பெற்ற என் மாணவி ஒருத்தி, தாய் ஓய்வு பெற்ற ஆண்டில் கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய தம்பி இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சனிக்கிழமைச் சம்பளம், வாடகை அறை, ஓராண்டுக்குள் மூன்று கம்பெனி. நிலையில்லாமல் அலைகிறானே என்று தாய் கலங்கியபோது, நானும் அவனிடம் கேட்டேன். “சார், இங்கே வேலையை விட்டால் வேலைதான் போகும்” என்றான். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பல நாள் உறக்கத்தைக் கெடுத்தது.

மத்திய அரசின் வேலைகூட நிலைக்கவில்லை என்பதையும் உதகைப் பிள்ளைகள் கண்டார்கள். 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை கிடைத்தால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று ஊரே நம்பியது. டிஜிட்டல் கேமரா பரவியதும் பிலிம் சுருளைக் கேட்பாரில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த ஆலை மூடப்பட்டது. அதன் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளையிடம் ஒரே நிறுவனத்தை நம்பி இரு என்று எந்த முகத்தோடு சொல்வது? சொந்தத் தேயிலை வைத்திருக்கும் ஹட்டிகளின், அதாவது படுகர் ஊர்களின், பிள்ளைகள் பெங்களூருக்கும் கோவைக்கும் போவதும் சோம்பலால் அன்று. பறித்த இலைக்குத் தந்தை விலை சொல்ல முடியாததை அவர்கள் பார்த்தே வளர்ந்தார்கள்.

நம் பிள்ளைகள் விட்டுப்போன லைன்களில் இன்று ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுடைய வீடும் அதே வேலையோடுதான் பிணைக்கப்பட்டிருக்கிறது. இதைப் பற்றி நாம் பேசாமல் இருப்பது எனக்கு வேதனை தருகிறது.

சென்ற பொங்கலுக்கு அந்தத் திருப்பூர்ப் பையன் வீட்டுக்கு வந்தான். அவனும் அக்காவும் சேர்ந்து காரமடைப் பக்கம் இரண்டு சென்ட் இடத்துக்குத் தவணை கட்டுகிறார்கள். பத்திரம் அம்மாவின் பெயரில் பதிவாகும் என்றான்.