ஒரே மாவு, இரண்டு பலகாரம்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு நாங்கள் குடிபோன முதல் குளிர்காலம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். "புட்டிங் செய்கிறேன், லவ்" என்றார். அந்தப் பக்கத்தில் பேருந்து ஓட்டுநர்கூட எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார், அதில் தப்பர்த்தம் எதுவும் கிடையாது. புட்டிங் என்றால் கடைசியில் வரும் இனிப்பு என்று நினைத்து, வயிற்றில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்ததே அதுதான்.

ஓரமெல்லாம் கோணல்மாணலாக உயர்ந்து, நடுவில் பள்ளம் விழுந்த பழுப்பு நிறக் கிண்ணம் ஒன்று. பள்ளம் நிறைய வெங்காய கிரேவி. சர்க்கரை பெயருக்கும் இல்லை. ஓரத்தைக் கடித்தால் மொறுமொறு, அடிப்பக்கம் ஆப்பத்தின் நடுப்பாகம் மாதிரி மெத்தென்று கிரேவியில் ஊறியிருந்தது. இன்னொன்று கேட்டேன். பாட்டி சிரித்துக்கொண்டே வைத்தார்.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அப்புறம்தான் புரிந்தது. லீட்ஸ் இருக்கும் யார்க்‌ஷயர் வட்டாரத்தில் பழைய வழக்கம் இது: புட்டிங்கை முதலில் தனியாகப் பரிமாறுவார்கள், இறைச்சி பின்னால் வரும். "யார் அதிகம் புட்டிங் சாப்பிடுகிறார்களோ அவர்களுக்குத்தான் அதிகம் இறைச்சி" என்று பிள்ளைகளிடம் சொல்வார்களாம். பிள்ளைகளும் போட்டி போட்டுத் தின்று வயிறு நிறைந்துவிடும். இறைச்சி மிச்சம். பெரிய குடும்பத்துக்குச் சின்ன இறைச்சித் துண்டைப் பங்கு போட வேண்டிய வீட்டுக்காரி கண்டுபிடித்த தந்திரம்.

பலகாரம் பிறந்ததே சிக்கனத்தில்தான். அந்தக் காலத்தில் இறைச்சியைக் கம்பியில் கோத்து நெருப்பின் முன் சுழற்றிச் சுடுவார்கள். உருகி ஒழுகும் கொழுப்பு வீணாகாமல் இருக்க அடியில் ஒரு தட்டு வைத்து, அதில் மாவைக் கரைத்து ஊற்றினார்கள். 1737இல் அச்சான ஒரு செய்முறையில் இதற்கு 'டிரிப்பிங் புட்டிங்', அதாவது ஒழுகிய கொழுப்பில் வெந்த புட்டிங் என்று பெயர். பத்து வருடம் கழித்து, 1747இல் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் தம் சமையல் நூலில் 'யார்க்‌ஷயர் புட்டிங்' என்று எழுதினார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரு சின்னக் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மைதா ஒரு கோப்பை, உடைத்து ஊற்றிய முட்டை ஒரு கோப்பை, பால் ஒரு கோப்பை, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான். ஈஸ்ட் கிடையாது, ஆப்பசோடா கிடையாது, தோசை மாவு மாதிரி புளிக்கவும் வேண்டாம். கட்டியில்லாமல் அடித்து, அரை மணி நேரமாவது அப்படியே விட்டுவிடுங்கள். மாவு பாலைக் குடித்துக் கொஞ்சம் கெட்டிப்படும்.

நான் முதல் தடவை செய்தபோது இதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். பணியாரக் கல் மாதிரி பன்னிரண்டு குழியுள்ள தட்டில் எண்ணெய் விட்டு, மாவையும் ஊற்றி ஓவனுக்குள் வைத்தேன். பத்து நிமிடத்தில் ஆசை தாங்காமல் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கிடைத்தது பன்னிரண்டு ரப்பர் வட்டுகள். பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து மேசையில் தட்டிப் பார்த்தார். "மாவு ஊற்றுவதற்கு முன்னால் தட்டைக் காயவைத்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

அதுதான் விஷயம். ஓவன் 220 டிகிரி செல்சியஸ். குழிக்கு ஒரு தேக்கரண்டி கொழுப்போ சூரியகாந்தி எண்ணெயோ விட்டு, மாவு ஊற்றாமல் தட்டைப் பத்துப் பதினைந்து நிமிடம் உள்ளே வைக்க வேண்டும். எண்ணெய் லேசாகப் புகைய வேண்டும். வெண்ணெய் வேண்டாம், அந்தச் சூட்டில் கருகிவிடும். தட்டை வெளியே எடுத்ததும் மளமளவென்று குழிக்குப் பாதியாக மாவை ஊற்றுங்கள். சுர்ரென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் அன்றைக்குப் புட்டிங் இல்லை, வட்டுதான்.

அந்தச் சுர்ரென்ற கணத்தில் மாவின் அடியும் ஓரமும் இறுகத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு பெருகும், போக இடம் தேடும். மைதாவின் பசையும் முட்டையும் பலூன் மாதிரி இழுபட்டு மேலே எழும்பும். நம் பூரி உப்புவதும் இதே ஆவியால்தானே. சுவர் இறுகுவதற்குள் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு ஆவி அடங்கிவிடும், சுவரும் படுத்துவிடும். 20, 25 நிமிடம் வேண்டும்.

எவ்வளவு எழும்பினால் புட்டிங்? இதற்கு விஞ்ஞானிகளே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ராக்கி மலைப் பக்கம் வாழ்ந்த ஓர் ஆங்கிலேயர் தம் புட்டிங் எழும்பவில்லை என்று முறையிடப்போக, 2008இல் பிரிட்டனின் ராயல் வேதியியல் கழகம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் அது யார்க்‌ஷயர் புட்டிங்கே இல்லை என்று அறிவித்தது. கொஞ்சம் கறார்தான். பாட்டி செய்தது நிச்சயமாக மூன்றைத் தாண்டவில்லை. நான் யாரிடமும் புகார் செய்யவில்லை.

இனி அந்த மாவின் இன்னொரு பிறவி. இதையே பால் கூட்டி நீர்க்கக் கரைத்தால் ஆங்கிலேயரின் மெல்லிய பான்கேக். 100 கிராம் மைதாவுக்கு இரண்டு முட்டை, 300 மில்லி பால். மெல்லிசாக ஊற்றித் திருப்பிப் போட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து சர்க்கரை தூவிச் சுருட்டிச் சாப்பிடுவார்கள். முதல் தோசை எப்படியோ அப்படித்தான் முதல் பான்கேக்கும், ஒழுங்காக வராது. அடுப்படியில் நிற்பவர் தின்றுவிட வேண்டியதுதான்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பான்கேக் நாள். நோன்புக்கு முன் வீட்டிலிருக்கும் முட்டை, பால், வெண்ணெயைத் தீர்த்துவிட ஏற்பட்ட வழக்கம். அன்றைக்கு ஓல்னி என்ற ஊரில் பெண்கள் கையில் வாணலியும் பான்கேக்குமாகச் சுமார் 380 மீட்டர் ஓடுவார்கள். 1445இல் ஒரு பெண், தேவாலய மணி கேட்டதும் வாணலியைக்கூடக் கீழே வைக்காமல் ஓடினாளாம், அதிலிருந்து வந்த பந்தயம் என்பது ஊர்க்கதை. 1950 முதல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லிபரல் என்ற ஊரும் அதே நாளில் ஓடி, யாருடைய நேரம் குறைவு என்று ஓல்னியோடு போட்டி போடுகிறது.

எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் புட்டிங். மிஞ்சிய மாவை மூடி குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். திங்கள் காலையில் அரைக் கோப்பை பால் சேர்த்துக் கலக்கினால் பான்கேக். புட்டிங்கே மிஞ்சினால் ஜாம் தடவிச் சாப்பிடலாம், யார்க்‌ஷயர்க்காரர்களும் அப்படிச் செய்வதுண்டு. செய்து பார்க்கிறவர்கள், மாவை ஊற்றிய பிறகு இருபது நிமிடம் அந்தக் கதவுப் பக்கமே போகாதீர்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், அதில் தப்பில்லை. வணக்கம்.