வேலைக்காரப் பெண்ணின் துப்பாக்கி | ஒரு எத்தியோப்பிய நாவலும் ஒரு ஸ்டிக்கரும்

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கொஞ்சம் கடுப்போடுதான் உட்கார்ந்திருக்கிறேன். மாஸா மெங்கிஸ்டே எழுதிய 'தி ஷேடோ கிங்' வந்துவிட்டது. 599 ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகத்தின் அட்டை நடுவில், நல்ல இடமாகப் பார்த்து விலை ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். நகத்தால் சுரண்டினால் பாதி வருகிறது, பாதி வெள்ளையாக நிற்கிறது. ஹேர் டிரையர் காட்டினேன், பிசுபிசுவென்று இழுத்ததுதான் மிச்சம். கடைசியில் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு, ஊறவிட்டு, காலாவதியான ஏடிஎம் கார்டால் மெல்லத் தள்ளினேன். என்னமாய் வழுக்கிக்கொண்டு வந்தது தெரியுமா! அதையே தனி வீடியோவாகப் போட்டிருக்கலாம். இதோ, கேமராவில் காட்டுகிறேன். தடம் தெரிகிறதா? தெரியாது!

சரி, கதைக்கு வருவோம். 1935, முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைகிறது. ஹிருத் பெற்றோரை இழந்தவள், கிதானே என்பவர் வீட்டில் வேலை செய்கிறாள். அவளுக்கென்று இருப்பது அப்பா கொடுத்த ஒரு பழைய துப்பாக்கி. போருக்கு வேண்டும் என்று கிதானே அதையும் பிடுங்கிக்கொள்கிறார். இத்தாலிக்காரன் வந்து சேர்வதற்குள் வீட்டிலேயே ஒரு பறிமுதல்!

வீட்டம்மா அஸ்தேர் லேசுப்பட்ட ஆளில்லை. ஹிருத்தை அடிக்கிற அதே அஸ்தேர்தான் ஊர்ப் பெண்களைத் திரட்டிப் போருக்குக் கிளப்புகிறாள். தியாகச் சுடராக ஆக்காமல் விட்டதற்கே மெங்கிஸ்டேக்கு ஒரு கும்பிடு. ஆனால் பேச்சு எதற்கும் மேற்கோள் குறி கிடையாது. எனக்கும் அதற்கும் ஆகாது, பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். யார் பேசுகிறார்கள் என்று திரும்பத் திரும்பப் பக்கம் புரட்டினேன்.

1936இல் பேரரசர் ஹைலே செலாசி நாட்டைவிட்டுப் போய் இங்கிலாந்தில் பாத் நகரில் தங்கிவிடுகிறார். இங்கே படை சோர்ந்து கிடக்கிறது. மினிம் என்கிற இசைக்காரன் அசப்பில் ராஜா மாதிரியே இருக்கிறான் என்று கவனிப்பவள் ஹிருத். படைக்குத் தெம்பு வரட்டும் என்று அவனுக்கு ராஜா உடை மாட்டி மலைமேல் நிறுத்துகிறார்கள். மெய்க்காவலுக்கு ஹிருத், அஸ்தேர்!

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேனே, துப்பாக்கி! மெங்கிஸ்டேயின் கொள்ளுப்பாட்டியே அந்தப் போருக்குப் போனவர். அப்பாவின் துப்பாக்கி மூத்த மகளான தனக்குத்தான் சேர வேண்டும் என்று அப்பா மேலேயே வழக்குப் போட்டு, ஜெயித்து, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நாவலைப் பெரும்பாலும் எழுதிய பிறகுதான் அம்மா இதைச் சொல்லியிருக்கிறார். இத்தாலியச் சிப்பாய்கள் எடுத்த பழைய படங்களைத் தேடி இத்தாலியில் சந்தை சந்தையாக அலைந்தவர் மெங்கிஸ்டே. அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை! நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஆமாம், 2020 புக்கர் குறும்பட்டியலில் இருந்த நாவல் இது. பரிசு வரவில்லை. எனக்கு வருத்தம்தான்.

அடுத்து ஜிம்பாப்வே எழுத்தாளர் பெட்டினா கப்பாவின் நாவல். ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்த பிரிட்டிஷ் பயணி லிவிங்ஸ்டன் 1873இல் இறந்தபோது, அவருடைய உடலைக் கடற்கரைவரை சுமந்து போனவர்களின் கதை. முதல் பகுதியைச் சொல்பவள் சமையல்காரி ஹலிமா. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன், அதற்குள் கூட இருப்பவர்களில் ஒருத்தரையும் அவள் விட்டுவைக்கவில்லை. வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! முடித்துவிட்டு வருகிறேன்.