நிற்கத் தெரியாத அசல் எதற்கு?

நடுவர் அவர்களுக்கும் அவையில் கூடியிருக்கும் வண்டிப் பிரியர்களுக்கும் வணக்கம். ஜீப் போலக் காடுமேடு ஏறும் பழைய ஃபோர்டு ப்ராங்கோவை மீட்டெடுப்பவர் அசலையே காக்க வேண்டுமா, நவீனப் பாகங்களைப் பூட்டலாமா என்பது தலைப்பு. பூட்டத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி.

கம்பெனி பூட்டியதை மாற்றினால் வரலாறு செத்துவிடும் என்றார் எதிரணித் தோழர். எந்த வரலாறு ஐயா? 1971, 1972 இரண்டு ஆண்டும் மெக்சிகோவின் பாஹா பாலைவனப் பந்தயத்தில் பந்தய ஓட்டுநர் பார்னெல்லி ஜோன்ஸும் பட்டறைக்காரர் பில் ஸ்ட்ராப்பும் வென்ற ப்ராங்கோ, குழாய்ச் சட்டத்தின் மேல் புதிதாகக் கட்டியது. ஸ்ட்ராப் பட்டறை மாற்றியமைத்த பாஹா ப்ராங்கோவை ஃபோர்டு டீலர்களே விற்றார்கள். அதில் 1971-லேயே பவர் ஸ்டியரிங் உண்டு. சாதாரண ப்ராங்கோவுக்கு அது வந்தது 1973-ல். மாற்றிக் கட்டுவது இந்த வண்டிக்குப் பிறவிக் குணம்.

பிரேக்குக்கு வருகிறேன். என் வாதத்தின் உயிர் அங்கேதான். 1975 வரை நான்கு சக்கரத்திலும் டிரம், அதாவது சுழலும் உருளையின் உள்ளே லைனிங் என்ற பட்டை உரசி நிறுத்தும் பிரேக். ஓடையைக் கடந்தால் டிரம்முக்குள் தண்ணீர் தங்கும், லைனிங் நனையும், மிதித்தாலும் பிடிக்காது. 1966 வண்டியில், மிதிக்கும் அழுத்தத்தைப் பிரேக் குழாய்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்கே ஒரு குழாய் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இந்த அசலையா காக்கச் சொல்கிறீர்கள்?

சுழலும் தட்டை இருபுறமும் பேடு கவ்வி நிறுத்தும் டிஸ்க் பூட்டியும் பிரேக் கெட்டதே என்று தோழர் கேட்டார். கெடும், அரைகுறையாகப் பூட்டினால். டிரம் வண்டியின் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு) அழுத்தத்தைத் தேக்கி வைக்க ஒரு வால்வு இருக்கும். முன்னால் டிஸ்க் வைத்துவிட்டு அந்த வால்வை எடுக்காமல் விட்டால் பேடு எந்நேரமும் உரசும், ரோட்டர் என்ற அந்தத் தட்டு சூடேறும், பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் பஞ்சு போல இறங்கும். அந்த வால்வு பின்சக்கர டிரம்முக்கு மட்டுமே. அதோடு, பின்னால் போகும் அழுத்தத்தைத் திருகிக் குறைக்க இன்னொரு வால்வும் வேண்டும். முன்சக்கரத்துக்கு முந்திப் பின்சக்கரம் இறுகிவிட்டால் வண்டி சுழன்றுவிடும். இரண்டறை மாஸ்டர் சிலிண்டரும் இந்த இரண்டு வால்வும் சேர்ந்ததுதான் ஒரு வேலை.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்பரேட்டர்? செங்குத்தான ஏற்றத்தில் கிண்ணத்துப் பெட்ரோல் ஒரு பக்கம் சரியும்; எஞ்சின் வறண்டு அணையும், அல்லது மூழ்கி அணையும். பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் ஃபூயல் இன்ஜெக்ஷனுக்கு இந்த நோய் கிடையாது. ஆனால் பழைய பம்ப் தருவது 5, 6 பி.எஸ்.ஐ.; இன்ஜெக்ஷன் பெரும்பாலும் 58 கேட்கும். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. டேங்குக்குள் தடுப்புத் தகடு இல்லாவிட்டால் சரிவில் பம்ப் காற்றை உறிஞ்சும், விட்ட நோய் திரும்ப வரும். எஞ்சின், சேசிஸ், பாடி மூன்றையும் தடித்த எர்த் வயரால் இணைக்காவிட்டால் காரணமே பிடிபடாத கோளாறுகள் வரும்.

புது எஞ்சின் ஆக்சிலை முறிக்கும் என்றார் தோழர். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். 1966-ன் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு 105 குதிரைத்திறன். 2011 மஸ்டாங்கின் 5.0 லிட்டர் வி8-க்கு 412. 1971 வரை முன்னால் வந்த டானா 30 ஆக்சில் அதற்குச் செய்ததல்ல, அதைவிட வலுவான டானா 44-க்கு மாற வேண்டும். பிரேக், ஆக்சில், அப்புறம்தான் எஞ்சின். வரிசையை மாற்றுபவர் செய்யும் பிழைக்கு நவீனப் பாகம் எப்படிப் பொறுப்பாகும்? வண்டியை உயர்த்துவதிலும் இதே கதை. இரண்டரை அங்குலம் தூக்கிவிட்டுக் காஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வைத் திருத்த 4 டிகிரி புஷ் போடாவிட்டால் ஸ்டியரிங் அலையும்.

ஒன்றில் மட்டும் தோழரோடு நிற்கிறேன். பெரிய டயருக்காகப் பின் ஃபெண்டரை, சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை, வெட்டாதீர்கள். வெட்டிய தகடு திரும்ப வராது. போல்ட்டில் பூட்டியதைக் கழற்றிவிடலாம். கழற்றிய டிரம்மையும் கார்பரேட்டரையும் எண்ணெய் தடவி, சீட்டு ஒட்டி, பெட்டியில் வையுங்கள். வரும் நாளில் எவர் வேண்டுமானாலும் திரும்பப் பூட்டிக்கொள்ளட்டும். அதுவரை அந்த வண்டி ஓடைக்குள் இறங்கட்டும், மறுகரையில் மிதித்த இடத்தில் நிற்கட்டும். நன்றி, வணக்கம்.